"கை கால் சுகத்துக்காக ஸ்தோத்திரம்" சொல்ல முடியாத வீடு

அன்புள்ள சகோதரிக்கு,

சபைக்காரர்களுக்கு எழுதும்போது ஸ்தோத்திரம் என்றுதான் தொடங்குவேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இந்த ஒரு தடவை அதை விட்டுவிடலாம் என்று தோன்றியது. வணக்கம்.

மற்ற வாசகர்களுக்காகக் கடிதத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பெயர் ஊர் சபை எதுவும் இல்லாமல். எழுதியவருக்கு வயது 46, தனியார் பள்ளியில் ஆசிரியை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பலமிழந்துவிட்டன, பேச்சு பாதிதான் வருகிறது, சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுதுவிடுகிறார். மகன் பிளஸ் டூ. நகையெல்லாம் அடமானத்தில். இவர் காலை நாலரைக்கு எழுந்து ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார், வாய் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறது, மனசு பள்ளிக்கட்டணத்தில் இருக்கிறது. பெண்கள் ஜெபக் குழுவை நடத்துகிற அக்கா ஒருவர் எல்லார் முன்னாலும், "முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வராதீங்க, சந்தோஷம் நாமளே எடுக்கிற முடிவு, துக்கப்படுறது அவிசுவாசம், சத்துருவுக்கு இடம் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி தினமும் மூன்று நன்றி எழுத ஆரம்பித்திருக்கிறார். நாலாவது நாள் "கை கால் சுகத்துக்காக ஸ்தோத்திரம்" என்று எழுதிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்தால், கட்டிலில் கணவர் தன் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். நோட்டை மூடியவர் அப்புறம் திறக்கவே இல்லை.

கேட்டிருப்பது மூன்று. என் துக்கம் அவிசுவாசமா? சந்தோஷத்தை உண்மையிலேயே தேர்ந்துகொள்ள முடியுமா, முடியுமென்றால் எப்படி? வருகிற ஸ்தோத்திரப் பண்டிகையில், கர்த்தர் எனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்லச் சொல்கிறார்கள், நான் என்ன செய்ய?

சரி. உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். விசுவாசிகள் பலர் இந்த இடத்தைத் தாண்டி, வசனம் எங்கே வருகிறது என்று கீழே போய்விடுவார்கள், நீங்கள் தாண்டாதீர்கள். நாலரைக்கு நீங்களாக எழுகிறீர்களா, இல்லை இரண்டு மணிக்கே விழிப்பு வந்து அதற்குமேல் தூக்கம் வராமல் கிடந்துவிட்டு எழுகிறீர்களா? பசிக்கிறதா? முன்பு பிடித்திருந்த ஏதாவது ஒன்று, வகுப்பில் பிள்ளைகளோடு சிரிப்பதோ, பாட்டுப் பயிற்சியோ, இப்போதும் கொஞ்சமாவது பிடிக்கிறதா? மனச்சோர்வோ எதிலும் பிடிப்பில்லாத நிலையோ இரண்டு வாரத்துக்குமேல், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி இருந்து, கூடவே தூக்கமும் பசியும் கெட்டு, "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணமும் ஓடிக்கொண்டிருந்தால், அது மருத்துவர் பார்க்க வேண்டிய மனஅழுத்த நோயாக இருக்கலாம். அதற்கு மாத்திரை உண்டு, பேச்சு சிகிச்சை உண்டு, குணமும் ஆகும். உங்கள் வயதில் தைராய்டையும் ரத்தசோகையையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது, அவை இரண்டுமே இதே முகத்தோடு வரும். மாதவிடாய் நிற்கப்போகிற காலத்திலும் மனநிலை ஏறி இறங்கும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசு நடத்தும் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், கட்டணமில்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

இப்படிச் சொன்னால் விசுவாசம் குறைந்த பேச்சு என்பவர்களுக்கு எலியா தீர்க்கதரிசியின் கதையை ஒருமுறை நிதானமாக வாசிக்கச் சொல்வேன். 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய ஜெயம் பெற்றுவிட்டு வந்த மனிதர், சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அவரைத் தேடி வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, "நன்றி சொல்ல உனக்கு எவ்வளவு இருக்கிறது பார்" என்று பட்டியலும் போடவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான், சாப்பிட்டார், தூங்கினார், மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையும் மெல்லிய சத்தமும் அதற்கு அப்புறம்தான். நீங்கள் நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்க முடிகிறது.

கணவருடைய அழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது உங்களை எவ்வளவு பாடுபடுத்துகிறது என்று கடிதத்தில் தெரிகிறது. பக்கவாதம் வந்தவர்களில் சுமாராக மூன்றில் ஒருவருக்கு மனஅழுத்தம் வருகிறது. அதைத் தவிர, மனசில் பெரிய துக்கம் இல்லாதபோதும் அடக்க முடியாமல் அழுகை பொங்குவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் நேர்வதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. நீங்கள் சந்தோஷமாக இல்லாததால்தான் அவர் அழுகிறார் என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது இதைத் தனியாகச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் பெரும்பாலும் இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை எழுதுவதோடு முடிந்துவிடும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. துக்கம் அவிசுவாசம் இல்லை. இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. அந்த அக்கா மனசில் வைத்துப் பேசிய வசனம் அநேகமாகப் பிலிப்பியர் 4:4ஆக இருக்கும், "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்." காலண்டரில், கல்யாணப் பத்திரிகையில், காரின் பின்கண்ணாடியில் எல்லாம் நாம் பார்க்கிற வசனம். அதைச் சிறையிலிருந்து எழுதினார் பவுல் என்று எல்லாப் பிரசங்கியாரும் சொல்வார்கள். அதே நிருபத்தில் இரண்டு அதிகாரம் முன்னால் அவர் எழுதியதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். எப்பாப்பிரோதீத்து என்ற நண்பர் சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார். அப்படியென்றால் ஏற்கெனவே ஒரு துக்கம் அங்கே இருந்தது, இன்னொன்று சேர்ந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன் என்று அந்தப் பெரிய அப்போஸ்தலரே எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க "கற்றுக்கொண்டேன்" என்று 4:11இல் சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ராத்திரியில் வந்ததை யாரும் கற்றுக்கொண்டேன் என்று சொல்வதில்லை, நீங்களே ஆசிரியை, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செத்த லாசருவை எழுப்பப்போகிற இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும்தான். அதிலும் 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரை வெளிச்சமே இல்லாமல் முடிகிறது, அதையும் யாரோ கோயிலில் பாடியிருக்கிறார்கள், யாரும் "விசுவாசமாய்ப் பேசு" என்று வெட்டி எறியவில்லை. நீதிமொழிகளில் ஒரு வசனம் இருக்கிறது, 25:20, மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போல என்று. ஜெபக் குழு நடத்துகிற ஒவ்வொருவரும் இதை மனப்பாடம் செய்யலாம். (அந்த அக்காவைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் ஏதாவது இருக்கும், அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் சிரித்துக்கொண்டே இருப்பவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர்.)

இரண்டாவது கேள்விதான் பெரியது. சந்தோஷத்தைத் தேர்ந்துகொள்ள முடியுமா? உணர்ச்சியை முடியாது. "இப்போது மகிழ்" என்று மனசுக்குக் கட்டளை போட்டு அது கீழ்ப்படிந்ததை என்னிடம் வந்த யாரிடமும் நான் பார்த்ததில்லை. ஆனால் எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன சொல்வது, எதை விழுங்காமல் வெளியே விடுவது, இவற்றைத் தேர்ந்துகொள்ளலாம். சந்தோஷம் வந்தால் இந்த வழியில் வருகிறது, சில நாள் வராமலும் இருக்கிறது. வராத நாளில் நீங்கள் தோற்றுப்போனதாக அர்த்தமில்லை.

உங்கள் நோட்டுக்கே வருகிறேன். அது நின்றுபோனதில் எனக்கு ஆச்சரியமில்லை, நின்றது நல்லது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் அது கோணலாகத் தொடங்கியது. "கை கால் சுகம் கொடுத்தீரே, கண் பார்வை கொடுத்தீரே, எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியில் கிடக்க என்னை நடமாட வைத்தீரே" என்று நம் ஊர் ஜெபங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது, நானும் கேட்டு வளர்ந்ததுதான். அதைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. மற்றவர்களைவிட நான் மேல் என்பதற்காகச் சொல்லும் நன்றியை வேதம் ஒரே ஒரு இடத்தில் அப்படியே பதிவு செய்து வைத்திருக்கிறது, லூக்கா 18இல், "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று. சொன்னது பரிசேயன். ஒப்பிட்டுச் சொல்லும் நன்றியில் எப்போதும் யாராவது ஒருவர் கீழே இருந்தாக வேண்டும், உங்கள் வீட்டில் அந்தக் கீழே இருப்பவர் நீங்கள் நேசிக்கிற மனிதர். உங்கள் பேனா நின்றதற்குக் காரணம் அவிசுவாசமில்லை, அன்பு.

இன்னொன்றும் கேளுங்கள். பக்கவாதத்துக்காக நன்றி சொல்லும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. அதற்குள்ளே வாழ்ந்துகொண்டே வேறு எதற்காகவோ நன்றி சொல்லச் சொல்கிறார் பவுல். இந்த வித்தியாசம் மங்கிப்போனதால்தான் பாதிப்பேர் தேவனிடமே நடிக்க ஆரம்பிக்கிறார்கள்.

அதனால் என் யோசனை இது. காலை ஜெபத்தில் முதலில் முறையிடுங்கள். ஆயிரம் ஸ்தோத்திரத்தைக் கொஞ்ச நாள் அலமாரியில் வையுங்கள், அது ஓடிப்போகாது. "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்று ஆபகூக் புத்தகம் தொடங்குகிறது. அதே மனிதர்தான் மூன்றாம் அதிகாரத்தில் அத்திமரம் துளிர்விடாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று பாடுகிறார். நாம் முதல் அதிகாரத்தைக் கிழித்துவிட்டு மூன்றாவதை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். ஃபீஸ், கடன், உடம்பு வலி, கணவர்மேல் சில நேரம் வரும் எரிச்சல், அந்த எரிச்சலுக்காக வரும் குற்ற உணர்வு, எல்லாவற்றையும் சத்தமாக, கரடுமுரடான பேச்சுத் தமிழில், ஜெபத் தமிழுக்கு மாற்றாமல் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஐந்து நிமிஷம் போதும், சில நாள் இருபது ஆகும்.

அப்புறம் ஒரே ஒரு நன்றி. மூன்று வேண்டாம். நேற்று நடந்ததாக இருக்கட்டும், ஒரு ஆளோ ஒரு பொருளோ ஒரு மணி நேரமோ அதில் இருக்கட்டும். "குடும்பத்துக்காக ஸ்தோத்திரம்" என்பது யார் வீட்டுக்கும் பொருந்தும், அதில் மனசு ஒட்டாது. "நேற்று பஸ்ஸில் கண்டக்டர் என் பையை வாங்கி மேலே வைத்தார்" என்பது உங்களுக்கு மட்டும் பொருந்தும். மனசில் எதுவும் அசையவில்லை என்றாலும் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். எதுவும் கிடைக்காத நாளில் "இன்றைக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுங்கள், அதுவும் ஜெபம்தான்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதா என்று உங்கள் மகன் கேட்கலாம், பிளஸ் டூ பையன்கள் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் மேடையில் சொல்லும் அளவுக்கு இல்லை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த நன்றி நோட்டுப் பழக்கத்துக்கெல்லாம் தாய். ஒரு பகுதியில் மாணவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை, பத்து வாரம் எழுதினார்கள். இன்னொரு பகுதியில் நரம்பு, தசை நோயுள்ளவர்கள் மூன்று வாரம் தினமும் எழுதினார்கள், அவர்களுக்குத் தூக்கமும் மனநிலையும் கொஞ்சம் மேம்பட்டன, கூட வாழ்கிற துணைவர்களும் அந்த மாற்றத்தைக் கவனித்தார்கள். ஆனால் 2021இல் இப்படிப்பட்ட 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனஅழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் இதனால் கிடைக்கும் பலன் சிறியது என்றுதான் தெரிந்தது. அதனால் நோட்டை மருந்தாக நினைக்காதீர்கள், மருந்து வேண்டியிருந்தால் மருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

நோட்டில் எழுதுவதைவிட நான் அதிகம் நம்புவது, நன்றியை அந்த ஆளிடமே போய்ச் சொல்வதை. பிலிப்பியர் நிருபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தோஷம் சந்தோஷம் என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிற அந்த நிருபம் கிட்டத்தட்ட ஒரு நன்றிக் கடிதம்தான். பிலிப்பி சபையார் பண உதவியை ஒரு ஆளிடம் கொடுத்து அனுப்பினார்கள், அந்த ஆள் நோய்ப்பட்டார், குணமாகித் திரும்பும்போது பவுல் அவர் கையிலேயே பதில் கொடுத்து அனுப்பினார். கொடுத்தவர் யார், கொண்டுவந்தவர் யார், எப்போது கொடுத்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. "நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது" என்கிறார். உங்கள் கடிதத்திலேயே இரண்டு பேர் வருகிறார்கள், நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ. பிசியோதெரபிக்குக் காசு வாங்க மறுத்த பையன் ஒருவன், ஸ்டாஃப் ரூமில் உங்கள் விடைத்தாள்களில் பாதியை எதுவும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போன சக ஆசிரியை ஒருவர். நாலு பக்கப் புலம்பலுக்கு நடுவே அவர்களை நீங்கள் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த வாரம் அந்த டீச்சரிடம் நேராக, "அன்றைக்கு நீங்கள் அதை எடுத்துக்கிட்டதால நான் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது நான் மிகவும் எழுத விரும்பிய விஷயம். உங்கள் கணவருக்கு வலது பக்கம் பலமிழந்து, பேச்சும் பாதி போயிருக்கிறது. அப்படியென்றால் பாதிப்பு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தில், பேச்சு உருவாகிற பகுதியில். இப்படிப்பட்டவர்களில் பலருக்கு, ஒரு வாக்கியம் பேச வராதபோதும், சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டு வார்த்தைகளோடு வரும். மனப்பாடமான ஜெபமும் அப்படித்தான். இதை வைத்தே 1973இல் பாஸ்டனில் ராகம் போட்டுப் பேசப் பழக்கும் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். நீங்கள் எழுதியதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அவர் பாடகர் குழுவில் இருபது வருஷம் பாடினவர் என்பதும், அவருக்குக் கஷ்டமாக இருக்குமே என்று இரண்டு வருஷமாகக் குடும்ப ஜெபத்தில் நீங்கள் பாடுவதையே நிறுத்திவிட்டீர்கள் என்பதும். மறுபடியும் தொடங்குங்கள். புதுப் பாட்டு வேண்டாம், மெதுவான, அவர் பையனாக இருக்கும்போது பாடிய ஞானப்பாட்டோ கீர்த்தனையோ எடுங்கள், முதல் அடியை நீங்கள் பாடி இரண்டாவது அடியின் பாதியில் நிறுத்திக் காத்திருங்கள். அவசரப்பட்டு நீங்களே முடித்துவிடாதீர்கள். "பரமண்டலங்களிலிருக்கிற" என்று தொடங்கிவிட்டும் காத்திருந்து பாருங்கள். எல்லாருக்கும் வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், வந்தாலும் அதனால் சாதாரணப் பேச்சு தானாகத் திரும்பிவிடாது, அதற்குப் பேச்சுப் பயிற்சியாளரிடம் போக வேண்டும், நீங்கள் இதுவரை போனதாகக் கடிதத்தில் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே முதலில் விசாரியுங்கள். நாற்பது சதவீதமோ அதற்குமேலோ ஊனம் என்று சான்று கிடைத்தால் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாம், அதையும் கையோடு செய்துவிடுங்கள்.

வீட்டின் நன்றியில் அவருக்கும் ஒரு பங்கு வேண்டும். இப்போது அவர் நீங்கள் கஷ்டப்படுவதற்கான காரணமாக மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி ஜெபத்தில் "இன்னைக்கு உங்களுக்கு எது நல்லா இருந்தது?" என்று கேளுங்கள், அவர் விரலால் காட்டட்டும், பையன் ஊகிக்கட்டும். மீன் குழம்பைக் காட்டினால் மீன் குழம்புக்காக ஜெபியுங்கள். கிரிக்கெட்டைக் காட்டினால் அதற்கும்தான், அவர் சொன்ன எதையும் இன்னும் ஆவிக்குரியதாகத் திருத்த வேண்டாம்.

"கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்ற வாக்குத்தத்த அட்டை உங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள், பார்க்கும்போதெல்லாம் குத்துகிறது என்று. நெகேமியா 8ஐ முழுசாக வாசித்தால் குத்தாது. ஜனங்கள் எல்லாரும் அழுதுகொண்டிருக்கிற இடத்தில் சொன்னது அது. சொல்வதற்கு முன்னால் வந்த வார்த்தைகள், போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், மதுரமானதைக் குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற நம் அசன விருந்து மாதிரித்தான். அந்த மகிழ்ச்சி தனியாக அறைக்குள் முழங்காலில் நின்று வரவழைக்கிற மகிழ்ச்சி இல்லை, அடுப்பு எரிந்து, ஆள் கூடி, பாத்திரம் கைமாறி வருகிறது. கையில் காசில்லாத நாளிலும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் ரசம் அனுப்பலாம். ஆனால் உங்களுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்வது. கணவரின் தம்பி சனிக்கிழமை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதை "பரவாயில்லை, நானே சமாளிச்சுக்கிறேன்" என்று மறுத்திருக்கிறீர்கள். கூப்பிட்டு வரச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் வெளியே போங்கள், ஜெபக் கூட்டத்துக்கு வேண்டாம், தூங்கவோ கடற்கரையில் உட்காரவோ போங்கள்.

வாட்ஸ்ஆப்பில் காலை ஐந்து மணிக்கே ஜெயம் பெற்றவர்களின் படங்களும் புன்னகைகளும் வந்து விழுகிற அந்தக் குழுவை ம்யூட் செய்துவிடுங்கள், விலக வேண்டாம், விலகினால் அதற்கு ஒரு விசாரணை வரும். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே படுக்கையில் இருந்தார். சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதுகிற ஆறுதல் தம்மிடம் வந்து சேரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு விசுவாசமுள்ளவருக்கே ஒட்டவில்லையென்றால் உங்களுக்கு ஒட்டாததில் குற்றமில்லை. நானும் சுகமாயிருந்துதான் இதை எழுதுகிறேன், அதனால் இதில் உங்களுக்கு ஒட்டாததைத் தள்ளிவிடுங்கள்.

ஜெபக் குழு அக்காவிடம் சண்டை போட வேண்டாம். மறுபடியும் முகத்தைப் பற்றிப் பேசினால், "அக்கா, ரோமர் 12:15இல் அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றும் இருக்குல்ல, இந்த மாசம் என் கூட அதைச் செய்றீங்களா?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே கேட்கலாம். நிறையப் பேர் அந்த இடத்தில் உருகிவிடுவார்கள். உருகாவிட்டால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு மாதம் லீவு விடுங்கள்.

கடைசியாகச் சாட்சி. ஸ்தோத்திரப் பண்டிகையில் நீங்கள் மைக் முன்னால் நிற்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. சபைப் போதகரான ஐயரிடம் "இந்த வருஷம் வேண்டாம் ஐயா" என்று சொன்னால் போதும், காரணம் கேட்டால் "வீட்டு நிலைமை" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவேளை நீங்களே சொல்ல விரும்பினால், நம் சாட்சிகளுக்கு என்று ஒரு அச்சு இருக்கிறதே, கஷ்டம், ஜெபம், அற்புதம், அல்லேலூயா, அதற்குள் உங்கள் கதையைத் திணிக்காதீர்கள். இன்னும் குணமாகவில்லை, கடன் இன்னும் இருக்கிறது, சில காலைகளில் எனக்கு ஜெபம் வருவதில்லை, இந்த வருஷம் இன்னார் எனக்கு இன்னது செய்தார்கள், அவர்களுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன் என்று இரண்டே நிமிஷம் பேசிவிட்டு இறங்கிவிடலாம். அந்த டீச்சர் உங்கள் சபையாக இல்லாவிட்டாலும் அன்றைக்கு அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பாட்டு விஷயம் என்ன ஆயிற்று என்றும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்